நான்காவது அத்தியாயமும் ஒன்பதாவது அத்தியாயமும்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலம்தானே? இந்தக் குளிரில் உன் முட்டி எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல் "அதெல்லாம் தானா சரியாயிடும்" என்று நாற்காலியை விட்டு எழாமல் பிழை திருத்திக்கொண்டிருக்கிறாயா?

ஒரு செய்தி. சிரிக்காதே. என்னைப் புத்தகம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது வேறு யாருமில்லை, உன் அச்சக முதலாளிதான். போன மாதம் எங்கள் நாடகத்துக்கு வந்தவர், முடிந்ததும் ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார். "ஏழு வயசுல அணில் வேஷம் போட்டதுல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் எழுதுங்கம்மா, நாங்க போடறோம்" என்றார். எனக்குப் பிழையில்லாமல் எழுத வராது என்றேன். "அதுக்குத்தான் இருபத்தாறு வருஷமா உங்க அக்காவை உட்கார வச்சிருக்கேன்" என்றார். ஆக, உன்னைக் கேட்காமலே உன்னைப் பிடித்துப் போட்டாயிற்று.

முதல் மூன்று அத்தியாயங்களை இத்துடன் அனுப்புகிறேன். அரங்கத்துக்குப் பின்னால் நாம் குடியிருந்த இரண்டு அறை, மேடைத் தச்சரான அப்பா, உடுப்புத் தைத்த அம்மா, திரைத் துணிக் குவியலில் நாம் இருவரும் தூங்கியது, உன்னை ஆடக் கூப்பிட்டபோது உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே நுழைந்தது எல்லாம் வந்திருக்கிறது. ல, ள, ழ மூன்றும் பாடும்போது எனக்குச் சரியாக வரும். எழுதும்போதுதான் ஒன்றோடொன்று இடம் மாறி உட்கார்ந்துவிடுகின்றன.

போனில் படித்துக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாம் போனில் பேசினால் மழை, மருந்து, வைக்கட்டுமா என்று மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் தபால்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை

ஜனவரி 19

அன்புள்ள பம்பரத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் தொண்டையைப் பார்த்துக்கொள். முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது.

மூன்று அத்தியாயத்தில் நூற்றுப் பத்துப் பிழை. பாதிக்கு மேல் நீ சொன்ன அந்த மூன்று எழுத்துகள்தான். எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். பக்கம் சிவந்து கிடப்பதைப் பார்த்து அழாதே.

சில விஷயப் பிழைகளும் இருந்தன. மேடைக்காக அப்பா கட்டிய கப்பல் நீலம் இல்லை, பச்சை. நீலம் கடல். ஆர்மோனியக்காரருக்கு மீசை கிடையாது, அது அவர் தம்பிக்கு. உன் அணில் வாலை அம்மா பழைய கம்பளியில் தைத்ததாக எழுதியிருக்கிறாய். அது என்னுடைய பழுப்புச் சட்டை. பிரித்ததற்கு நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. இவற்றையும் மாற்றிவிட்டேன்.

உன் அத்தானும் படித்தார். "உங்க வீட்ல எல்லாருமே ஒரே நேரத்துல பேசுவீங்க போல. நல்லவேளை எனக்கு ஒரு காதுதான் கேக்குது" என்றார். ஆனால் ஒரே மூச்சில் படித்தார். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் இயந்திரக் கையேடு தவிர எதையும் இப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு யோசனை. பார்த்ததை எழுது. பார்க்காததை விட்டுவிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. அங்கும் அப்படியே இருக்க வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், கேட்கும் காதில் சொல்லிவிடு.

சிவந்த பக்கங்கள் கிடைத்தன. அழவில்லை, சிரித்தேன். பழுப்புச் சட்டை எனக்குத் தெரியவே தெரியாது! உடனே சேர்த்துவிட்டேன்.

இங்கே வேலை அதிகம். புது நாடகத்தில் எனக்கு அம்மா வேடம். இரண்டு பாட்டு. கதாநாயகியாக நடிக்கும் பெண் மிகவும் கெட்டிக்காரி, என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிடுகிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன். ஒப்பனை அறையில் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், சுற்றிலும் விளக்கு. முகத்தில் இருக்கிற ஒரு கோட்டைக்கூட அது விடுவதில்லை. உடுப்பு அறையில் எலி. மேடையில் தளப் பலகைகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவது அத்தியாயத்தை அனுப்புகிறேன். சின்னதுதான், ஆறு பக்கம். அவசரமில்லை, மெதுவாகப் பார்.

அன்புத் தங்கை

பிப்ரவரி 27

அன்புள்ள பம்பரத்துக்கு,

இங்கே சுகம். உனக்குச் சளி பிடித்திருப்பதாக அச்சகத்தில் சொன்னார்கள். மிளகு போட்டு ஏதாவது குடி.

நான்காவது அத்தியாயத்தைப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். இருபத்திரண்டு பிழை. முன்னேற்றம்தான். மூன்றாம் பக்கத்தில் "தாள்ப்பாள்" என்று எழுதியிருந்தாய். தாழ்ப்பாள். ழகரம். இனி மறக்காதே.

வேறொன்றும் இல்லை.

அக்கா

மார்ச் 8

அக்கா,

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

அந்தப் பக்கம் என் முன்னால் இருக்கிறது. "மூடியின் தாழ்ப்பாள் பழுதாகியிருந்ததால் அக்கா உள்ளே விழுந்தாள்." நான் எழுதிய வாக்கியம். அதில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு, வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறாய். கப்பலின் நிறத்தை மாற்றினாய். ஆர்மோனியக்காரரின் மீசையை எடுத்தாய். இதை மட்டும் தொடவில்லை. ஒரு வாரமாக இந்த ஒரு "ழ" என்னைத் தூங்க விடவில்லை.

நாற்பத்தைந்து வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்.

அது ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சி. மேடைத் தரையிலிருந்த சதுர மூடியைத் தள்ளிக்கொண்டு அணில் வெளியே வர வேண்டும், பாட வேண்டும், பிறகு வலது காலால் மூடியைச் சாத்தி, குதிகாலால் தாழ்ப்பாளை மிதித்துவிட்டு ஓட வேண்டும். "டக்" என்று சத்தம் வரும். ஏழு வயதுக் குதிகாலுக்கு ஏற்ற மாதிரி அப்பா அதைச் செய்திருந்தார். என்னை நிற்க வைத்துப் பத்துத் தடவை மிதிக்கச் சொல்லி, வில்லை இளக்கி இளக்கிச் சரிபார்த்தார். அதற்கப்புறம் காற்றுத் தேவதையாக நீ முகத்தை அண்ணாந்துகொண்டு சுற்றிச் சுற்றி வருவாய்.

அன்று பாட்டு முடிந்ததும் கூட்டம் "இன்னொரு தடவை!" என்றது. அதுவரை யாரும் என்னை இன்னொரு தடவை கேட்டதில்லை. மேடை முன்விளிம்புக்கே ஓடிவிட்டேன். மூடி எனக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. மறுபடியும் பாடினேன். கடைசி அடிக்கு வந்தபோது உன் கொலுசுச் சத்தம் கேட்டது, பிறகு அந்தச் சத்தம் கேட்டது. அக்கா, நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி அடியை முழுதாகப் பாடி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

குழு மேலாளர் என் தோளைப் பிடித்து, "மூடியைச் சாத்தினியா?" என்று கேட்டார். "சாத்தினேன். டக்குனு கேட்டுச்சு" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப தாழ்ப்பாள்தான் விட்டிருக்கு. என் வேலைதான் சார் அது" என்றார். மறுநாள் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அணிலை வைத்துக்கொண்டார்கள்.

உனக்கு இது தெரியுமா? தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள். தெரியுமென்றால், எதற்காக அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தினாய்?

தங்கை

மார்ச் 30

அன்புள்ள தங்கைக்கு,

சுகம்தான். நீ சாப்பிடுகிறாயா? அழுதுகொண்டு பாடினால் தொண்டை போய்விடும், கவனம்.

எனக்குத் தெரியும். விழுவதற்கு ஒரு நொடி முன்னால் குனிந்து பார்த்தேன். மூடி பின்பக்கம் மல்லாந்து கிடந்தது. தாழ்ப்பாள் விட்டுப்போன மூடி காலை வைத்தால் உள்ளே அமுங்கும். மல்லாந்து கிடக்காது. பத்து வயதுப் பெண்ணுக்கே புரிந்தது. அப்பாவுக்குப் புரியாமல் இருந்திருக்குமா என்று இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது அப்பா தினமும் வருவார். சட்டைப் பையில் அந்தத் தாழ்ப்பாள் இருக்கும். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுத்துவார், விடுவார். "நல்லாத்தானே இருக்கு. எங்க தப்பு பண்ணேன்?" என்பார். ஒருநாள் வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் உன்னையும் நிறுத்திவிடுவார்கள், வீட்டில் யாருக்குமே வேலை இருக்காது என்று அம்மா முந்தின நாள்தான் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் "நான்தான் பாக்காம வந்துட்டேன்ப்பா" என்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு மறுபடியும் தாழ்ப்பாளை அழுத்தினார்.

அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூட பெஞ்சுதான் செய்தார். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது: எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் போட்டுப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் வீட்டிலும் அதைச் செய்தார். நீ ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். நான் தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதனால் பாதிப் பங்கு என்னுடையது.

ஏன் அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தினேன் என்று கேட்டாய். எழுத்தைத் திருத்துவது என் வேலை. அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டியவள் நீ.

"விடு, சின்னப் பிள்ளைதானே" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். சின்னப் பிள்ளையாக இருந்தது ஏழு வயதில். அப்பா போனபோது உனக்கு இருபத்து நான்கு.

காலைப் பற்றி எனக்கு உன் மேல் கோபம் இல்லை. அது எப்போதோ போய்விட்டது.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதப் பழகிவிட்ட கை, எழுதிவிடுகிறது. நீ நலமா?

உன் கடிதத்தை ஒப்பனை அறையில் படித்தேன். போட்ட மையெல்லாம் வழிந்து, மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. அந்தப் பெண் வந்து, "ஆன்ட்டி, யாராவது எதாவது சொன்னாங்களா?" என்றாள். "ஆமா, உண்மையைச் சொல்லிட்டாங்க" என்றேன். முழித்தாள்.

மூன்றாம் பக்கத்தை மாற்றிவிட்டேன். இப்படி: "தாழ்ப்பாள் பழுதாகவில்லை. அந்த மேடையில் என் அப்பா செய்த எதுவும் ஒருநாளும் பழுதானதில்லை. மூடியை நான் சாத்தவில்லை. கேட்டபோது சாத்தினேன் என்றேன். என் அப்பா என் பொய்யை வாங்கித் தன் பெயரில் வைத்துக்கொண்டார்." இந்த முறை ழகரம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் முதலாளி போனில், "இது தேவையாம்மா? படிக்கிறவங்க உங்களை என்ன நினைப்பாங்க?" என்றார். நான் எதை மறைத்துத்தான் இந்த வயது வரை வந்தேனோ, அதையே நினைக்கட்டும் என்றேன்.

ஐந்து முதல் ஒன்பது வரை இத்துடன் வருகின்றன. நீ விழுந்த பிறகு அம்மா என்னோடு ஊர் ஊராக வந்த வருடங்கள், பதினான்கில் என் குரல் உடைந்து இரண்டு வருடம் பின்வரிசையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது, பதினெட்டில் இளவரசி, இருபத்திரண்டில் கதாநாயகி, பிறகு முப்பத்து மூன்றில் இரண்டு நாள் பயணத் தொலைவில் அந்த நீண்ட ஆட்டம், நூறு காட்சி. ஒன்பதாவது அம்மாவைப் பற்றியது. நூறு காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா படுத்ததும், நீ என்னைக் கூப்பிடாமல் விட்டதும். "அம்மாதான் சொல்லிட்டா, அவ ஆடட்டும், தொந்தரவு பண்ணாதேன்னு" என்று அம்மா போன அன்று நீ போனில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். தனியாக எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு என் ஆட்டத்தைக் காப்பாற்றிய அக்கா என்றும் எழுதியிருக்கிறேன். கூச்சப்பட்டு வெட்டிவிடாதே. உனக்கு நான் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பக்கம்தான்.

தங்கை

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. ஐந்து முதல் எட்டு வரை திருத்தி வந்து சேர்ந்தன, கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஒன்பதைக் காணோம். அச்சகத்தில் விசாரித்தேன். உன் மேசை இழுப்பறையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அத்தானைப் போனில் பிடித்தேன். "உங்க அக்கா நாலு தாளை வச்சுக்கிட்டு முறைச்சுப் பாத்துட்டே இருக்கா. சாப்பிடக் கூப்பிட்டாலும் காதுல விழல. இந்த வீட்ல செவிடு நானா, அவளா?" என்றார். சிரித்தேன். வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நான்காவது அத்தியாயத்துக்காக என்னை மன்னிக்க முடியவில்லையா? அப்படியென்றால் அதைச் சொல்லிவிடு. திட்டி ஒரு வரி எழுது. எதுவும் எழுதாமல் மட்டும் இருக்காதே. எழுதாமல் இருப்பதில் நீ எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கு இப்போது தெரியும்.

தங்கை

ஜூன் 11

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் காட்சிக்கு முன் படிக்காதே. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து படி.

ஒன்பதாவது அத்தியாயத்தில் எழுத்துப் பிழை மூன்றுதான். ஆனால் அதை என்னால் அச்சுக்கு அனுப்ப முடியவில்லை. நான்கு முறை முதலாளியின் மேசை வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன்.

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை.

அவள் பதினோரு நாள் படுக்கையில் இருந்தாள். முதல் நாளே, "பம்பரத்துக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன், வந்துட்டே இருக்கா" என்றேன். சொல்லவில்லை. உன் அரங்கத்து அலுவலக எண் நாட்காட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. தினமும் அதைக் கடந்துதான் சமையலறைக்குப் போவேன். மூன்றாம் நாள் டாக்டர், "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். உன் அத்தான் வெளியூர் வேலையில் இருந்தார். அவர் இருந்திருந்தால் அவரே கூப்பிட்டிருப்பார். நான் போன் வரைக்கும் போனேன். எடுத்தேன். வைத்தேன்.

உன் ஆட்டம் கெடக் கூடாது என்பதற்காகத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது வருடமாக எல்லோரும் அதையே சொல்ல, நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது அல்ல காரணம்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது, கூடப் போகிறேன் என்றாள். வேறு வழியில்லைதான், அப்பாவுக்கு வேலை இல்லை. ஆனால் எனக்குப் பத்து வயது. அம்மா உன்னோடு பதினொரு வருடம் ஊர் ஊராகப் போனாள். எனக்கு ஜடை போட்டுவிட்டவர் அப்பா. தச்சர் ஜடை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். வருடத்துக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வரும்போதும் அம்மா உன் உடுப்பைத்தான் தைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் படுத்தபோது, முதல் தடவையாக எனக்கு மட்டும் இருந்தாள். நீ வந்தால் அவள் கண் உன் மேலேயே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினோரு நாளாவது என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளோ அந்தப் பதினோரு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, "என் ஆட்டத்துக்காக நீ ஒத்தையா கஷ்டப்பட்டியாக்கா" என்று அழுதாய். நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை அதற்குப் பிறகு எத்தனை தடவை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் தெரியுமா?

உன் பொய் ஏழு வயதுப் பெண்ணின் பொய். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

அக்கா

ஆகஸ்ட் 25

அக்கா,

நீ நலமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

பத்து வாரமாக எழுதவில்லை. ஐந்து கடிதம் எழுதினேன். ஐந்தும் தபாலுக்குப் போகக் கூடாதவை.

பழைய நிகழ்ச்சி நிரலைத் தேடி எடுத்தேன். அந்தப் பதினோரு நாளில் எனக்குப் பதினான்கு காட்சி. பதினான்கிலும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன் என்று மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன மாதம் ஒரு பகல் காட்சியில், இந்த நாடகத்து அம்மா மகளைக் கூப்பிட்டுப் பாடும் இடத்தில் எனக்கு வாய் திறக்கவில்லை. நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு என் வரிகளையும் சேர்த்து அவளே பாடிவிட்டாள். கூட்டத்துக்குத் தெரியவில்லை. உள்ளே வந்ததும், "உட்காருங்க ஆன்ட்டி" என்று தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த "ஆன்ட்டி" எனக்கு உறுத்தவில்லை.

உன்னை வெறுக்க வேண்டும் என்று முயன்றேன். ஒவ்வொரு முறையும் பாதி வழியில் அப்பா உனக்கு ஜடை போடுவது கண் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. அதற்குக் காரணம் நான் சாத்தாத மூடி. என் கோபத்தை எங்கே தொடங்கினாலும் அது என் காலடியில்தான் வந்து முடிகிறது. அதற்காக, உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. கேட்காதே. வந்தால் வரும்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினோரு நாள் எனக்கு வேண்டும். அவை என்னுடையவையும்தான். நீ ஒருத்திதான் அங்கே இருந்தாய். அம்மா என்ன சொன்னாள், என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், எல்லாவற்றையும் எழுது. என்னைக் காப்பாற்றவோ உன்னைக் காப்பாற்றவோ எதையும் விடாதே. ஒன்பதாவது அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். உன் முதலாளியிடம், அது வரும்போதுதான் வரும் என்று சொல்லிவிட்டேன்.

தங்கை

செப்டம்பர் 14

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். முட்டி இந்த வாரம் அதிகமாக வலிக்கிறது. கேட்டாயே, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். உன் குரல் திரும்பிவிட்டதா? அந்தப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல்.

நான்காவது அத்தியாயம் அச்சாகி வந்துவிட்டது. மை காயாத தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அத்தானிடம் கொடுத்தேன். கடைசி வரி வரை படித்தார். பிறகு, "மாமா இதைப் படிச்சிருக்கணும்" என்றார்.

நீ கேட்டது கீழே.

முதல் நாள் காய்ச்சல். இருமல். கஞ்சி குடித்தாள். உனக்குச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

இரண்டாம் நாள் உன் கதாநாயகி உடுப்பின் அளவைச் சொல்லி, இடுப்பில் ஒரு விரல் அளவு பிடித்துத் தைக்க வேண்டும், நீ இளைத்திருப்பாய் என்றாள். எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள். எழுதினேன். அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் டாக்டர். அதைச் சொல்லிவிட்டேன்.

நான்காம், ஐந்தாம் நாட்களில் அதிகம் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டாள். வாசல் தெரிய வேண்டும்.

ஆறாம் நாள் ரயில் தாமதமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவளுக்குப் பசி தாங்காதே, வழியில என்ன சாப்பிடுவா?" என்றாள்.

ஏழாம் நாள் நான் குளிப்பாட்டிவிட்டேன். என் கையைப் பிடித்துப் பார்த்து, "மை கறை போகவே மாட்டேங்குதே" என்று தன் நகத்தால் சுரண்டினாள். அது எனக்கானது. எனக்கு இருக்கட்டும்.

எட்டாம் நாள் உன்னைத் திட்டினாள். "இவ்வளவு கர்வமா அவளுக்கு?" என்றாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். நீ திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்க எனக்கு நன்றாக இருந்தது. இதை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விடாதே என்றாய்.

ஒன்பதாம் நாள், "திட்டினதை அவகிட்ட சொல்லிடாதே" என்றாள். சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

பத்தாம் நாள் தூக்கம்தான். இடையில் கை மட்டும் தைப்பது போல அசைந்தது.

பதினோராம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். கண் திறந்து என்னைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. "பம்பரம், வந்துட்டியா?" என்றாள்.

நான், "வந்துட்டேம்மா" என்றேன். பத்து வயதுக்கு அப்புறம் நான் போட்ட ஒரே வேஷம் அது. உன்னைப் போலவே கொஞ்சம் இழுத்துச் சொன்னேன். அவள் என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்காவைக் கொஞ்சம் கூப்பிடு. பதினோரு நாளா அந்தக் காலை வச்சுக்கிட்டு நின்னுட்டே இருக்கா. யாருமே அவளை உட்காருன்னு சொல்றதில்ல. நானும் சொன்னதில்ல. வரச் சொல்லு, இங்க உட்காரட்டும்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சரி என்றேன். வெளியே போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நானாக நடந்து உள்ளே வந்தேன். "அம்மா, நான்தான். கூப்பிட்டியா?" என்றேன்.

மூச்சு இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

உன் அக்கா